குரூப்பில் கொட்டுவதற்கு முன்

ராமேஸ்வரம் போய்விட்டு வந்த குடும்பம் பையைக்கூடப் பிரித்திருக்காது. அதற்குள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் நூற்றைம்பது படங்கள் வந்து விழுந்திருக்கும். பாதி ஒரே மாதிரி. நாலு பேர் கைகூப்பும் பொம்மை போடுவார்கள், சித்தப்பா ‘சூப்பர்’ என்பார், அவ்வளவுதான். போனில் இடமில்லை என்று அடுத்த மாதம் எல்லாரும் அழிப்பதும் இவற்றைத்தான்.

எனவே முதலில் கழித்துக்கட்டுங்கள். அழிக்கச் சொல்லவில்லை, பகிர வேண்டியதை மட்டும் தனி ஆல்பமாக ஒதுக்குங்கள். மூன்று நாள் பயணத்துக்கு இருபது படம் தாராளம். கோபுர வாசலில் வரிசையாக நின்ற படம் ஒன்று போதும். கோபுரத்தை உங்களைவிட நன்றாக எடுத்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆனால் அக்னி தீர்த்தத்தில் முழங்கால் தண்ணீரில் பாட்டி பேரனின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு நிற்பதை உங்கள் வீட்டார் மட்டுமே எடுத்திருக்க முடியும். கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் அதைத்தான் வைக்க வேண்டும்.

அடுத்தது எழுதுவது. பெரும்பாலானோர் கோட்டை விடுவது இங்கேதான். ‘பாம்பன் பாலம், அருமையான காட்சி’ என்று எழுதி என்ன பயன்? பாலம் படத்திலேயே தெரிகிறது. தெரியாததை எழுதுங்கள். ‘மண்டபம் தாண்டியதும் ரயில் ஊர ஆரம்பித்தது. கதவுப் பக்கம் போகாதே என்று எங்களை அதட்டிவிட்டுப் பெரியப்பா தானே போய் நின்றுகொண்டார். அத்தை கடலுக்குப் போட்ட காசு ஜன்னல் கம்பியில் பட்டு மடியிலேயே விழுந்தது.’ மூன்று வரிதான். ஆனால் இதைப் படித்த பிறகு யாரும் அந்தப் படத்தை அழிக்க மாட்டார்கள்.

வருடத்தைக் கட்டாயம் குறியுங்கள். 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. பக்கத்தில் கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது. பழைய பாலத்தின் மேல் போகும்போது நீங்கள் எடுத்த சாதாரணப் படத்தை இனி யாராலும் எடுக்க முடியாது. தனுஷ்கோடியும் அப்படித்தான். அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது 2017-இல். அதற்கு முன் போனவர்கள் வேனில் ஏறி, மணலிலும் தேங்கிய தண்ணீரிலும் குலுங்கிக் குலுங்கிப் போனார்கள். இன்று காரில் போய் இறங்கும் பேரப்பிள்ளைக்கு 1964 புயலில் மிஞ்சிய தேவாலயச் சுவர் தெரியும். அந்த வேன் தெரியாது. படத்தின் ஓரத்தில் வேனின் பின்பக்கம் கொஞ்சம் விழுந்திருந்தால் அதை வெட்டிவிடாதீர்கள்.

படமே இல்லாத நினைவுகளுக்கும் ஆல்பத்தில் இடம் வேண்டும். தமிழகக் கோயில்களுக்குள் கைபேசியைத் தடை செய்யச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது. ஆகவே ராமேஸ்வரப் பயணத்தின் பெரிய அனுபவமான 22 தீர்த்தக் குளியல் உங்கள் போனில் இருக்காது. கிணற்றின் மேல் நின்று வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றியது, அடுத்த தீர்த்தத்துக்கு ஈரக் கல்தரையில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஓடியது, நடுவில் யாரோ கணக்கை விட்டுவிட்டு இது எத்தனையாவது என்று கேட்டது எல்லாவற்றையும் எழுத்தில் வைக்கலாம். கூகுள் போட்டோஸ் ஆல்பத்தில் இரண்டு படங்களுக்கு நடுவே எழுத்து சேர்க்கும் வசதி இருக்கிறது. சொல்லப்போனால் தடையும் நல்லதுக்குத்தான்; போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யாரால் நிம்மதியாகக் குளிக்க முடியும்?

ஊர் திரும்பிய ஒரு வாரத்துக்குள் எழுதிவிடுங்கள். அதற்கு மேல் போனால் லாட்ஜின் பெயரே மறந்துவிடும். எழுத வராத பெரியவர்களிடம் படத்தைக் கொடுத்து, போனில் பேச்சைப் பதிவு செய்யுங்கள். ‘நல்லா இருந்ததா பாட்டி?’ என்று கேட்டால் ‘இருந்துச்சு’ என்பதோடு முடிந்துவிடும். ‘உங்க பக்கத்துல முக்காடு போட்டு நிக்கறது யாரு?’ என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும். குளித்து முடித்து முதலில் சாப்பிட்டது இட்லியா பொங்கலா என்று அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சண்டை வந்தால் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரண்டையும் எழுதி, யார் சொன்னது என்றும் போட்டுவிடுங்கள்.

இனி அனுப்பும் விதம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். எடுத்த தேதி, இடம் போன்ற உள்விவரங்களும் உதிர்ந்துவிடும். பத்து வருடம் கழித்துத் தேடினால், எடுத்த நாளுக்குப் பதில் அனுப்பிய நாள்தான் கோப்பின் பெயரில் நிற்கும். நெருங்கிய குடும்பத்துக்கு ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். மூலப்படம் அப்படியே போகும். அதோடு, போனில் லொகேஷன் இயங்கியிருந்தால், எடுத்த இடமும் போகும். வீட்டு வாசலில் கிளம்பும்போது எடுத்த படத்தை அதிகம் பழகாதவர்களுக்கு இப்படி அனுப்ப வேண்டாம்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் என்று பொதுவில் போடுவதானால் வீடு திரும்பிய பிறகு போடுங்கள். வீடு பூட்டிக் கிடக்கிறது என்று ஊருக்கே ஏன் தண்டோரா போட வேண்டும்? ஈரப்புடவையோடு கரையேறும் சித்தியின் படத்தை அவரைக் கேட்காமல் எங்கேயும் போடக் கூடாது. ‘நம்ம ஆளுங்கதானே’ என்ற சமாதானம் செல்லாது.

எங்கே சேமிப்பது என்பதில் நிறையப் பேருக்கு இன்னும் பழைய நினைப்பு. கூகுள் போட்டோஸில் அளவில்லாத இலவச இடம் 2021 ஜூனோடு போய்விட்டது. இப்போது ஜிமெயில், டிரைவ் எல்லாம் சேர்த்து 15 ஜிபிதான். அதனால் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி இருக்கட்டும். கூகுளிலிருந்து மொத்தமாக இறக்கும்போது நீங்கள் எழுதிய குறிப்புகள் படத்தோடு ஒட்டி வராமல் தனிக் கோப்பாக வரும். ஆகவே எழுதியதை ஒரு சாதாரண வேர்ட் கோப்பிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

இருபதில் பத்தையாவது பிரிண்ட் போடுங்கள். 4-க்கு 6 அங்குலப் படம் துல்லியமாக வர 1,200-க்கு 1,800 பிக்சல் வேண்டும். ஸ்டுடியோவுக்கு மூலப்படத்தையே கொடுங்கள். பசைப் பக்கத்தில் ஒட்டி மேலே பிளாஸ்டிக் தாள் மூடும் ஆல்பத்தை வாங்காதீர்கள். நாளாக ஆகப் பசை மஞ்சளாகிப் படத்தையும் கெடுக்கும், பிய்த்தால் கையோடு வரும். படத்தின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும் என்பதால், குறிப்பைத் தனித்தாளில் எழுதிப் பக்கத்தில் செருகுங்கள். கடைசியில் நாலைந்து பக்கம் காலியாகவே இருக்கட்டும். பொங்கலுக்கு வரும் அத்தை ஆல்பத்தைப் புரட்டும்போதுதான் உங்களுக்கு விட்டுப்போனது அவருக்கு ஞாபகம் வரும்.