ரேக் மிக்ஸர் வாங்கும் முன்...

பண்டிகை விற்பனை அறிவிப்பை வீட்டு அறையிலேயே பதிவு செய்து ஆட்டோவில் ஒலிக்கவிட விரும்பும் வணிகர்கள், இடம் அடைக்காத ரேக் மிக்ஸரைத் தேடுவதுண்டு. 19 அங்குல அகல ரேக்கில் திருகி மாட்டும் தட்டையான பெட்டி இது. ஒரு 'யு' என்றால் உயரம் 1.75 அங்குலம்.

விற்பவர் "16 உள்ளீடு" என்பார். அரிசி மூட்டையை எண்ணிக்கை பார்த்தா வாங்குகிறோம்? குத்தூசி போட்டுத்தானே வாங்குகிறோம்! பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்க வேண்டும். ஒரு யு மிக்ஸர்கள் சிலவற்றில் லைன் உள்ளீடு மட்டுமே உண்டு. பெரிங்கர் ஆர்எக்ஸ்1602 அந்த வகை. 16 என்பது 8 ஸ்டீரியோ ஜோடி. நாலைந்து கீபோர்டு வைத்திருப்பவருக்கு அது தோதான சரக்கு. குரல் பதிவுக்கு ஆகாது. மைக் தருவது சில மில்லிவோல்ட். லைன் உள்ளீடு எதிர்பார்ப்பதோ ஏறக்குறைய ஒரு வோல்ட். மைக்கை நேரே செருகினால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும்; ஒலியைக் கூட்டினால் இரைச்சலும் கூடவே ஏறும். பிறகு ப்ரீஆம்ப் தனியே வாங்க வேண்டும். இரட்டைச் செலவு.

எனவே 'மைக்' என்று எழுதிய எக்ஸ்எல்ஆர் உள்ளீடுகளை மட்டும் எண்ணுங்கள். மூன்று துளை உள்ளது உள்ளீடு. மூன்று ஊசி நீட்டியிருந்தால் அது வெளியீடு. கண்டென்சர் மைக் என்றால் 48 வோல்ட் ஃபேண்டம் மின்சாரமும் அவசியம்.

ஒருவர் பேச, பின்னணியில் இசை ஓட, இரண்டு மைக் உள்ளீடும் ஒரு ஸ்டீரியோ உள்ளீடும் தாராளம். வேறு கருவி எதுவும் இல்லாதவர், இதற்கென்று ரேக் வாங்குவானேன்? சிறிய மேசை மிக்ஸரே போதும். எதை வாங்கினாலும், நமது மைக்கையே கடைக்குக் கொண்டுபோய்ச் செருகி, ஹெட்போனில் கேட்ட பிறகே பில் போடச் சொல்லுங்கள்.