நோயின் வேரை நாடியவர்

காவிரிக் கரையிலுள்ள சுவாமிமலைப் பகுதி வெற்றிலைக் கொடிக்கால்களுக்குப் பெயர் பெற்றது. விருந்தினர்க்குத் தாம்பூலம் அளித்தல் நம் மரபு. ஆயின், அதனொடு புகையிலையைச் சேர்த்துக் கன்னத்தில் அடக்கும் பழக்கம் வாய்ப்புற்றுநோய்க்கு வித்தாகும்.

இந்நோயை வெல்ல நெடுங்காலம் உழைத்தவர் அறுவை மருத்துவர் கிருஷ்ணமூர்த்தி. இவர்தம் அன்னையார் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. உடன்பிறந்தாளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவ்வம்மையாரின் முயற்சியால், 1954 இல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. கிருஷ்ணமூர்த்தி அங்கே பணியேற்றார்.

நோய் முற்றிய பின் வருவோரே பலர். அவர்க்கு அறுவை மட்டும் போதாது. ஆதலின் அவர் வேறு வழியும் ஆராய்ந்தார். டாக்டர் சாந்தாவுடன் கூடி, நோயாளிகளுள் ஒரு சாரார்க்குக் கதிர்வீச்சு மட்டும் அளித்தார். மற்றொரு சாரார்க்கு அதனொடு பிளியோமைசின் என்னும் மருந்தையும் அளித்தார். பயனை ஒப்பு நோக்கினார். கூட்டு மருத்துவமே சிறந்தது என 1980 இல் வெளிவந்த அவ்வாய்வு காட்டியது.

புகையிலையேயன்றிப் பாக்கும் புற்றுநோய் விளைப்பதே எனப் பன்னாட்டு ஆய்வு நிறுவனத்தின் அறிக்கை 2004 இல் உரைத்தது. எனவே மாணவர்கள் இவற்றை மெல்லும் பழக்கத்தை அறவே விலக்குதல் வேண்டும். வாயில் ஆறாத புண்ணோ வெண்படலமோ உடையாரைக் காணின், உடனே மருத்துவரிடம் செல்லுமாறு கூறுதல் வேண்டும். வந்த நோயைத் தீர்ப்பது மருத்துவர் கடன். வாராமற் காப்பது நம் கடன்.