குதிரைக் குளம்பின் உறுப்புகளும் தமிழ்க் கலைச்சொற்களும்: ஓசூர் எல்லைப் பகுதிச் சொல்வழக்கை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

குளம்பு என்னும் ஒரு சொல்லால் சுட்டப்படுவது பல பகுதிகள் சேர்ந்த உறுப்பாகும். அப்பகுதிகளுக்கான ஆங்கிலப் பெயர்களைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்கும்போது பொருள் திரிகிறது. உறுப்பின் வடிவும் தொழிலுமே கலைச்சொல்லாக்கத்திற்கு அடிப்படையாக வேண்டும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: குளம்பு, குரச்சை, லாடம், வெண்கோடு, கவை, கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

ஓசூரை அடுத்த மத்திகிரியில் உள்ள மாவட்டக் கால்நடைப் பண்ணை, 19ஆம் நூற்றாண்டில் படைக்குரிய குதிரைகளை வளர்க்கும் நிலையமாக இருந்தது. இன்று கிருட்டிணகிரி மாவட்டத்தின் இவ்வெல்லைப் பகுதி தொழிற்பேட்டைகளால் அறியப்படுகிறது. வண்டி இழுக்கும் விலங்குகள் அருகியதால் லாடம் கட்டும் தொழிலும் அருகி வருகிறது. தொழில் மறையும்போது அதன் சொற்களும் மறையும். மறுபுறம், கால்நடை மருத்துவத்தைத் தமிழில் எழுதுவோர்க்கு அச்சொற்கள் தேவைப்படுகின்றன.

மும்மொழிச் சொல்லுறவு

தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும் ஓசூர்ப் பகுதியில் இச்சொற்களின் உறவு தெளிவாகப் புலப்படும். தமிழின் ‘குளம்பு’ கன்னடத்தின் ‘கொளகு’ என்பதோடு இனமுடையது. கன்னடத்தில் பெருவழக்காக உள்ள ‘கொரசு’, தெலுங்கின் ‘கொரிஜ’ ஆகியவற்றிற்கு இணையாகக் ‘குரசு’, ‘குரச்சை’ என்னும் வடிவங்களைத் தமிழ்ப் பேரகராதி குதிரைக் குளம்பு என்னும் பொருளில் தருகிறது. தமிழில் வழக்கிழந்த சொல்லொன்று எல்லைக்கு அப்பால் உயிருடன் இருப்பதை இது காட்டுகிறது.

‘லாடம்’ இதற்கு மாறானது. லகரம் மொழிமுதலாகாது என்னும் தொல்காப்பிய வரையறையே அதன் அயன்மையைக் காட்டும். கன்னட ‘லாள’, தெலுங்கு ‘லாடமு’, உருது ‘நால்’ ஆகியன ஒலியாலும் பொருளாலும் அதனோடு நெருங்கியவை. எனினும் அதனோடு சேரும் வினை தமிழே. ஆணி அறைந்து பொருத்தப்படுவதாயினும் ‘லாடம் கட்டுதல்’ என்றே வழங்குகிறது.

குளம்பின் அமைப்பு

மாட்டின் குளம்பு இரண்டாகப் பிளந்தது. ஆகவே ஒரு காலுக்கு இரு தகடுகள் வேண்டும். குதிரைக்கு ஒற்றைக் குளம்பாதலால் வளைந்த லாடம் ஒன்றே போதும். இவ்வேறுபாடு மருத்துவத்திலும் முதன்மையானது. பிளந்த குளம்புடைய விலங்குகளைத் தாக்கும் கோமாரி குதிரையைத் தாக்குவதில்லை.

புறத்தே தெரிவது குளம்புச் சுவர். மயிர் முடிந்து குளம்பு தொடங்கும் மேல்விளிம்பிலிருந்து மாதத்திற்கு ஏறத்தாழ 1 செ.மீ. அளவில் அது கீழ்நோக்கி வளர்கிறது. சுவருக்கு நரம்போ குருதியோட்டமோ இல்லை. அதன் உட்புறத்தே ஏறத்தாழ 600 மெல்லிய மடிப்புகள், குளம்பினுள் இருக்கும் எலும்பைப் போர்த்திய உயிருள்ள மடிப்புகளோடு கோத்துக்கொள்கின்றன. குதிரையின் எடையைத் தாங்குவது இப்பிணைப்பே. இது அழற்சியுற்றுத் தளர்ந்தால் எலும்பு கீழ்நோக்கிச் சரியும்.

காலைத் தூக்கிப் பார்த்தால், சுவரும் உள்ளடியும் கூடுமிடத்தில் வெளிறிய கோடொன்று தெரியும். லாட ஆணி அக்கோட்டிற்கு உட்புறம் செல்லலாகாது. சென்றால் உயிர்த்தசையில் பாய்ந்து குதிரை நொண்டும். லாடம் கட்டுவோர்க்கு அக்கோடே எல்லை.

உவமைப் பெயரும் மொழிபெயர்ப்பும்

உள்ளடியின் நடுவே, குதிகாலிலிருந்து முன்னோக்கிக் குவியும் முக்கோண வடிவான மீள்தன்மையுடைய பகுதி உண்டு. ஆங்கிலம் அதனைத் தவளை என்கிறது. கிரேக்கத்தில் செனபோன் தம் குதிரையேற்ற நூலில் தகைவிலான் குருவியின் பெயரால் அதனைக் குறித்தார். பிரெஞ்சுமொழி சிறு கவைமுள் என்றும், இலத்தீன் உடற்கூற்றியல் ஆப்பு என்றும் வழங்குகின்றன. உறுப்பு ஒன்றே, ஒவ்வொரு மொழியும் தான் கண்ட உருவத்தைப் பெயராக்கியது. ஆகவே ‘தவளை’ என மொழிபெயர்ப்பது உறுப்புக்குப் பெயரிடுவதாகாது, பிறமொழியின் உவமையை எடுத்தாள்வதாகும். நடுப்பிளவுடன் இரு கிளையாகப் பின்னோக்கி விரியும் இப்பகுதிக்குக் ‘குளம்புக் கவை’ பொருந்தும். கவை என்பது மரக்கிளைப் பிரிவைக் குறிக்கும் பழஞ்சொல். கவட்டை என்னும் பேச்சுவழக்கும் அதற்கு அரண் செய்கிறது.

குளம்பின் உள்ளெலும்பை ஆங்கிலம் பேழையின் பெயரால் சுட்டுகிறது. அதைச் ‘சவப்பெட்டி எலும்பு’ என்பதினும் ‘குளம்பெலும்பு’ என்பதே தெளிவானது. இலத்தீன் வழக்கும் அவ்வாறே. அதன் பின்னுள்ள சிற்றெலும்பைப் ‘படகெலும்பு’ எனலாம். இங்கு மொழிபெயர்ப்பு இடர் தருவதில்லை. ஏனெனில் வடிவொப்புமை தமிழர்க்கும் விளங்குகிறது. மெல்லிய மடிப்புகளுக்கு ‘ஏடு’, அவற்றின் நோய்க்கு ‘ஏட்டழற்சி’, வளர்ச்சி தொடங்கும் மேல்விளிம்பிற்கு ‘முளைவிளிம்பு’, வெளிறிய கோட்டிற்கு ‘வெண்கோடு’ ஆகியவற்றை இக்கட்டுரை முன்வைக்கிறது.

முடிவுரை

உவமைப் பெயர்கள் அனைத்தும் விலக்கத்தக்கன அல்ல. தமிழில் உருவம் புலப்படுமாயின் கொள்ளலாம், புலப்படாவிடின் தொழிலாலோ இடத்தாலோ பெயரிடல் வேண்டும். இங்குப் பரிந்துரைக்கப்பட்டவை தொழிலாளர் வழக்கிற்கு மாற்றாக அமைவன அல்ல. ஓசூர்ப் பகுதியில் லாடம் கட்டுவோர் மும்மொழியிலும் வழங்கும் சொற்களை முதலில் தொகுத்து, அங்கு இல்லாதவற்றிற்கே புதுச்சொல் ஆக்குவது முறை. தொழிலறிந்தோர் குறைந்துவரும் இக்காலத்தில் அத்தொகுப்புப் பணி உடனடியாகத் தொடங்கப்பட வேண்டும்.