சாவு வீட்டுப் பாட்டும் காதல் பாட்டும்

கானா என்றவுடன் முகம் சுளிப்போர் நம் கல்லூரியிலும் உளர். குடித்துவிட்டுக் கத்துவது என்பர். அவர்கள் ஒருமுறையேனும் சாவு வீட்டு வாசலில் விடியும்வரை அமர்ந்து அதைக் கேட்டிருக்கமாட்டார்கள் என்றே எண்ணுகிறேன்.

இராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி எனத் துறைமுகத்தையும் ஆலைகளையும் நம்பி வாழும் வடசென்னை மக்கள், பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள், தாமே கட்டிப் பாடிய பாட்டு அது. ஒருவர் இறந்தால் இரவு முழுதும் மரண கானா நடக்கும். முதலில் தாளமின்றி இழுத்துப் பாடும் தொகையறா; அது முடியுமிடத்தில் டோலக் விழும். இறந்தவரின் பெயரும் தொழிலும் குணமும் பாட்டில் வரும். காதல் தோல்விக் கானாவும் இதே சட்டத்தில் அமைந்ததுதான். இறந்தவர் இருந்த இடத்தில் விட்டுப் போனவள் வந்து நிற்கிறாள். ஆனால் இறந்தவரை எடுத்துச் சென்றால் துக்கத்திற்கு ஒரு முடிவு உண்டு. போனவளோ அடுத்த தெருவில் உயிரோடிருப்பாள். ஆகவே அப்பாட்டு முடிவதேயில்லை. பெண்ணையே ஏசித் தீர்க்கும் கானாக்களும் பல உண்டு. அவை எனக்கு உவப்பில்லை. தன் தவற்றைத் தானே எண்ணி வருந்துபவையே நெஞ்சில் நிற்கின்றன.

கடல் கடந்தும் இவ்வாறே. ‘ஆன்மா’ என்று பொருள்படும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசை தேவாலயத்தில் பிறந்தது. 1954-இல் ரே சார்லஸ் ஒரு தேவாலயப் பாட்டின் மெட்டைத் தழுவி, ஆண்டவர் இருந்த இடத்தில் ஒரு பெண்ணை வைத்துப் பாடினார். பக்தர் பலர் சினந்தனர். தேவாலயத்தில் பாடி வளர்ந்த ஓடிஸ் ரெடிங், 1965-இல், காதல் ஆறிப்போன பெண்ணிடம் மன்றாடும் பாட்டொன்றைப் பாடினார்; அதன் இறுதியில் சொல் தீர்ந்து கெஞ்சல் மட்டுமே மிஞ்சுகிறது. ஊரைவிட்டு வந்தவன் படகுத்துறையில் தனியே அமர்ந்திருப்பதைச் சொல்லும் அவரது மற்றொரு பாட்டு 1967 டிசம்பரில் பதிவாகி முடிந்தது. சில நாட்களில், 10-ஆம் தேதி, விமான விபத்தில் இறந்தார். வயது 26. மறு ஆண்டு அப்பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. காசிமேட்டில் வலை பிரிப்போர் மொழி தெரியாமலே அதை விளங்கிக்கொள்வர்.

திரைப்படக் கானாவில் கேலியே மிகுதி. எனினும் 2012-இல் வெளிவந்த ‘அட்டகத்தி’யில் கானா பாலாவின் குரலில் பழைய ஏக்கத்தைக் கேட்டேன்.

சென்ற ஆண்டு புழலில் என் பெரியப்பா இறந்தபோது, விடியற்காலை மூன்று மணியளவில் பாடகர் காதல் பாட்டுக்குத் தாவினார். மெட்டு மாறவில்லை. ஒருவரும் தடுக்கவில்லை. அதுவரை கண் கலங்காமல் பந்தலுக்கு நாற்காலி தூக்கிக்கொண்டிருந்த பெரியப்பாவின் கூட்டாளி, துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், திருமணம் செய்துகொள்ளாதவர், துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். பாடகர் அதைப் பார்த்தார். நிறுத்தவில்லை; அதே அடியை மீண்டும் பாடி, நடுவே பெரியப்பாவின் பெயரையும் சேர்த்துக்கொண்டார்.