பழைய ஸ்பிரிங்கில் ஒரு புதிய உளி

ஆயுத பூஜையில் சந்தனம், குங்குமம் வைக்க, நம்ம கையாலேயே செஞ்ச ஓர் ஆயுதம் இருந்தா எப்படி இருக்கும்? பழைய இரும்புக் கடையில் கிடக்கும் கார் ஸ்பிரிங்கிலிருந்து இரும்பு வெட்டும் உளி செய்யக் கற்றுக்கொள்வோம்.

ஏன் ஸ்பிரிங்? கட்டடக் கம்பியில் கார்பன் குறைவு. அது போதிய அளவு கடினமாகாது. ஸ்பிரிங் எஃகில் சுமார் 0.6 விழுக்காடு கார்பன் இருக்கு. அதனால்தான் கூர்மை நிற்கும். ஆனா வண்டியில் மாட்டியிருக்கும் ஸ்பிரிங்கை நீங்களே கழற்றாதீங்க. அழுத்தத்தில் இருப்பது சீறிப் பாயும். துத்தநாகம் பூசிய இரும்பையும் உலையில் வைக்காதீங்க. அந்தப் புகை நச்சு.

செய்முறை:

1. ஸ்பிரிங்கைச் செம்மஞ்சள் நிறம் வரக் காய்ச்சி, தட்டி நிமிர்த்துங்கள். 15 சென்டிமீட்டர் துண்டு போதும்.

2. மறுபடியும் காய்ச்சி, ஒரு முனையைத் தட்டையாக அடியுங்கள். நிறம் மங்கினால் அடிப்பதை நிறுத்துங்கள். ஆறிய எஃகு விரிசல் விடும்.

3. தானாக ஆறியதும், முனையை 60 பாகையில் தீட்டுங்கள்.

4. முனையை மட்டும் காய்ச்சுங்கள். காந்தம் ஒட்டாத நிலை வந்ததும், இன்னும் கொஞ்சம் சூடேற்றி, இளஞ்சூடான செம்பனை எண்ணெயில் முக்குங்கள். தண்ணீர் வேண்டாம்; எஃகு வெடிக்கலாம். எண்ணெய் தீப்பிடித்தால் மூட, இரும்பு மூடி பக்கத்திலேயே இருக்கட்டும்.

5. முனையைப் பளபளப்பாகத் தேய்த்து, பின்பக்கமிருந்து மெதுவாகச் சூடேற்றுங்கள். மஞ்சள், பழுப்பு, ஊதா என நிறங்கள் நகர்ந்து வரும். ஊதா நிறம் முனையைத் தொட்டதும், அதாவது சுமார் 280 பாகை செல்சியஸில், ஆற வையுங்கள்.

அடி வாங்கும் தலைப்பக்கத்தைக் கடினமாக்கவே கூடாது.

என் முதல் உளிக்கு ஐந்தாம் படியை நான் செய்யல. அரமே வழுக்கியதைப் பார்த்து, வேலை முடிஞ்சதுன்னு நினைச்சேன். முதல் அடியிலேயே முனை உடைஞ்சு, ஒரு சில்லு பறந்து வந்து பாதுகாப்புக் கண்ணாடியில் பட்டது. கண்ணாடி போட்டிருக்காவிட்டால் கண் போயிருக்கும்.

கடினம் மட்டும் இருந்தா உடையும். மென்மை மட்டும் இருந்தா மழுங்கும். இரண்டும் அளவோடு சேர்வதுதான் பதம். அது எஃகுக்கு மட்டுமா?

பட்டறை அனுபவம் உள்ள பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். உங்கள் உளியும் இந்த ஆண்டு பூஜைக்கு வரட்டும்!