வறண்ட தலைமயிரும் குழந்தையின் உணவும்

பள்ளிக்கு வரும் குழந்தைகளுள் சிலருடைய தலைமயிர் பளபளப்பின்றி, வறண்டு, செம்பட்டை நிறமாகக் காணப்படுவதுண்டு. எண்ணெய் தேய்த்துச் சீவவில்லை என்று தாயைக் குறைகூறுவதுடன் இவ்விஷயம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. சில குழந்தைகளைப் பொறுத்தவரை அக்குறை நியாயமானதே. வேறு சிலரிடத்திலோ, அதே வறட்சி, உடல் பல வாரங்களாகப் போதிய உணவின்றி இருந்து வந்ததைக் காட்டும் குறியாகும். முன்னவருக்கு எண்ணெயும் சீப்பும் போதும். பின்னவருக்கு உணவு வேண்டும், சில வேளைகளில் மருத்துவமனையும் வேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறியும் வழியும், அறிந்தபின் செய்யத்தக்கவையும் இங்கு விளக்கப்படுகின்றன.

மயிரின் அமைப்பு

மயிர் இரு பகுதிகளை உடையது. தோலுக்கு வெளியே தெரியும் தண்டு உயிரற்றது. தோலினுள் சிறு பையொன்றில் அமைந்திருக்கும் வேர் உயிருள்ளது. தண்டு பெரும்பாலும் கெராட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அப்புரதத்தில் கந்தகம் கலந்த சிஸ்டைன் என்னும் அமினோ அமிலம் மிகுதியாக உள்ளது. மயிர் தீயில் பொசுங்கும்போது எழும் நாற்றத்திற்கு இக்கந்தகமே முக்கிய காரணம்.

தண்டின் மேற்புறத்தில் மெல்லிய செதில்கள் கூரை ஓடுகளைப்போல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன. அவை நன்கு படிந்திருந்தால் ஒளி சீராகத் திரும்பி மயிர் பளபளக்கும். அவை தூக்கிக்கொண்டாலோ உதிர்ந்தாலோ மயிர் சொரசொரப்பாகி, ஒன்றோடொன்று சிக்குண்டு, எளிதில் முறியும். வேரையடுத்துள்ள நெய்ச் சுரப்பிகள் இச்செதில்களின்மேல் மெல்லிய எண்ணெய்ப் பூச்சை அளித்து அவற்றைக் காக்கின்றன.

தலைமயிர் மாதத்திற்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளர்கிறது. ஆகவே 6 சென்டிமீட்டர் நீளமுள்ள மயிரின் நுனி ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு முன் உண்டானது. தோலை அடுத்துள்ள பகுதி அண்மை வாரங்களில் உண்டானது. மரத்தின் வளையங்கள் கடந்த ஆண்டுகளைக் காட்டுவதுபோல, மயிரின் நீளம் கடந்த மாதங்களைக் காட்டுகிறது. பிரித்தறியும் முறைக்கு இதுவே அடிப்படையாகும்.

வெளியிலிருந்து வரும் வறட்சி

வெயில், காற்று, புழுதி, அழுத்திச் சீவுதல், காரம் மிகுந்த சவுக்காரம் ஆகியவை தண்டின் செதில்களைச் சிதைக்கின்றன. தக்காணப் பீடபூமியின் கருங்கல் நிலப்பகுதியில் அமைந்த ஹைதராபாத்தின் சுற்றுப்புறங்களில், பல ஆழ்துளைக் கிணறுகளின் நீர் கடினமானது. அந்நீரிலுள்ள சுண்ணாம்பு உப்புகள் சவுக்காரத்துடன் கூடிக் கரையாத கசடாக மாறி மயிரின்மீது படிகின்றன. எத்துணை முறை தேய்த்துக் கழுவினும் மயிர் பிசுபிசுத்து மங்கித் தோன்றுவது இதனாலேயே. சீயக்காயிலும், தெலுங்கர் குங்குடு காய் என வழங்கும் பூந்திக்கொட்டையிலும் உள்ள நுரைப்பொருள் இத்தகைய கசடை உண்டாக்குவதில்லை.

எண்ணெய் மயிருக்கு உணவாவதில்லை. உயிரற்ற தண்டு எதையும் உண்பதில்லை. ஆயினும் எண்ணெயால் உண்மையான பயன் உண்டு. கழுவும்போது நீர் தண்டினுள் புகுந்து அதை ஊதச் செய்வதால் சிறிதளவு புரதம் கரைந்து வெளியேறுகிறது. குளிப்பதற்கு முன் தேய்த்த தேங்காயெண்ணெய் இவ்விழப்பைக் குறைப்பதாக 2003-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தேங்காயெண்ணெயிலுள்ள லாரிக் அமிலம் தண்டினுள் ஊடுருவ வல்லது என்பது இதற்குக் கூறப்படும் காரணம்.

உள்ளிருந்து வரும் வறட்சி

உணவு குறைந்தால் உடல் முதலில் இதயம், மூளை முதலிய இன்றியமையாத உறுப்புகளைக் காக்க முற்படுகிறது, மயிர் பின்தள்ளப்படுகிறது. வேர் சுருங்குகிறது. புதிதாக எழும் தண்டு மெலிந்தும், நிறம் குன்றியும், பிடிப்பின்றியும் வளர்கிறது. கடும் நிலையில் மயிர் அடர்த்தி குறைந்து, மெல்ல இழுத்தாலே வலியின்றிக் கையோடு வந்துவிடும். உணவு சிலகாலம் குறைந்தும் சிலகாலம் சீராகவும் கிடைத்த குழந்தையின் மயிரில் வெளிறிய பட்டையும் கரிய பட்டையும் மாறிமாறிக் காணப்படலாம். மருத்துவ நூல்கள் இதனைக் கொடிக்குறி என்கின்றன.

இத்தகைய மயிர், குவாஷியார்க்கர் என்னும் நோயின் அடையாளங்களுள் ஒன்று. அப்பெயரை 1935-இல் மருத்துவ உலகிற்கு அறிமுகம் செய்தவர், ஆப்பிரிக்காவின் பொற்கரை நாட்டில், அதாவது இன்றைய கானாவில், பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் அம்மையார். அடுத்த மகவு பிறந்தபின் தாய்ப்பால் இழந்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அங்குள்ள கா மொழியில் அச்சொல்லின் கருத்து.

ஹைதராபாத் நிலையத்தின் பணி

இந்தியாவில் போஷாக்கு ஆராய்ச்சி 1918-இல் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் என்பவரால் சிறிய அளவில் தொடங்கப்பட்டது. அவ்வாராய்ச்சிசாலை 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டது. 1969-இல் தேசிய போஷாக்கு நிலையம் எனப் பெயர் பெற்றது. சேலத்தில் பிறந்த மருத்துவர் சி. கோபாலன் (1918–2019), வி. இராமலிங்கசுவாமியுடன் சேர்ந்து இந்தியாவில் குவாஷியார்க்கர் பற்றிய விரிவான கட்டுரையை 1955-இல் வெளியிட்டார்.

புரதக் குறைவு ஒன்றே இந்நோய்க்குக் காரணம் என்று அக்காலத்தில் பலரும் கருதினர். ஹைதராபாத் ஆய்வுகள் இக்கருத்தை மறுபரிசீலனைக்கு உள்ளாக்கின. ஏழைக் குழந்தைகள் வழக்கமாக உண்ணும் உணவில் புரதத்தைவிடக் கலோரியே, அதாவது உணவின் மொத்த அளவே, பெரிதும் குறைந்திருந்தது. கலோரி போதாதபோது, கிடைக்கும் புரதமும் எரிபொருளாகச் செலவழிகிறது. வளர்ச்சிக்கும் மயிருக்கும் எஞ்சுவது குறைவு. ஹைதராபாத்தை அடுத்த கிராமங்களில் 1 முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு நாள்தோறும் 310 கலோரியும் 3 கிராம் புரதமும் தரும் உணவு 14 மாத காலம் கூடுதலாக அளிக்கப்பட்டது. புரதம் அத்துணை சிறிதாயினும், கூடுதல் உணவு பெறாத குழந்தைகளைவிட இவர்களது உயரமும் எடையும் நன்கு கூடின. இம்முடிவு 1973-இல் வெளியாயிற்று. விலையுயர்ந்த புரதப் பொடிகளை நாடுவதற்குமுன், வீட்டு உணவை வயிறார உண்பிப்பதே முதற்கடமை என்பது இதனால் விளங்கும்.

களத்தில் பிரித்தறியும் முறை

1. மயிரைப் பகுத்து, தோலை அடுத்த பகுதியை நல்ல ஒளியில் நோக்க வேண்டும். நுனி மட்டும் செம்பட்டையாகவும் அடி கரியதாகவும் இருந்தால் வெயிலும் புழுதியும் காரணமாகலாம். அடியே வெளிறி மெலிந்திருந்தால் உணவுக் குறைவை ஐயுற வேண்டும்.

2. உணவுக் குறைவிலிருந்து தேறிவரும் குழந்தைக்கும் அடி கரியதாகவும் நுனி வெளிறியும் இருக்கும். ஆகவே மயிரைக் கொண்டு மட்டும் முடிவு செய்யலாகாது. எடையையும் வளர்ச்சி அட்டையையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

3. குழந்தை 6 மாதத்திற்கு மேல் 5 வயதிற்குட்பட்டதாயின், இடது மேற்கையின் நடுவில் சுற்றளவை அளக்க வேண்டும். 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கடும் உணவுக் குறைவு, 11.5 முதல் 12.5-க்குள் இருந்தால் நடுத்தரக் குறைவு.

4. இரு புறங்கால்களையும் பெருவிரலால் மூன்று வினாடி அழுத்தி எடுக்க வேண்டும். இரண்டிலும் குழி நிற்குமாயின் அது வீக்கமாகும். எடை குறையாவிட்டாலும் இது ஆபத்தான குறியே. நீர் சேர்வதால் மெலிந்த குழந்தையும் கொழுத்ததுபோல் தோன்றக் கூடும்.

5. வட்டவட்டமாக மயிர் உதிர்ந்திருந்தால் தோல்நோயையும், மயிர் வறட்சியுடன் சோர்வு, குளிர் தாங்காமை, வளர்ச்சித் தடை ஆகியவை சேர்ந்திருந்தால் தைராய்டுக் குறைவையும் மருத்துவர் ஆராய வேண்டும்.

மயிரில் மாறுதல் தெரிவதற்குள் பல வாரங்கள் கடந்துவிடுகின்றன. கரிய பளபளப்பான மயிருள்ள குழந்தையும் மெலிந்திருக்கக் கூடும். எனவே மயிரில் குறையில்லை என்பது உணவில் குறையில்லை என்பதற்குச் சான்றாகாது.

செய்யத்தக்கவை

இருகால் வீக்கமோ, 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்த கைச்சுற்றளவோ காணப்படும் குழந்தையைத் தாமதமின்றிச் சுகாதார நிலையத்திற்கு அனுப்ப வேண்டும். இத்தகைய குழந்தைக்கு வீட்டில் ஒரேயடியாக மிகுதியான உணவைத் திணிப்பது தீங்கு விளைவிக்கும். மருத்துவரின் மேற்பார்வையில் சிறுகச் சிறுகக் கூட்டுவதே முறை.

மற்றக் குழந்தைகளுக்கு வீட்டு உணவே மருந்து. குழந்தையின் வயிறு சிறியது. ஆகவே நாளொன்றுக்கு ஐந்தாறு முறை உணவளிக்க வேண்டும். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம், சமையல் எண்ணெயைச் சோற்றில் பிசைந்தால் 45 கலோரி கூடுகிறது. தலைக்கு வைக்கும் எண்ணெய்க்காக வருந்தும் தாய்க்கு இதனை முதலில் எடுத்துரைக்க வேண்டும்.

ஹைதராபாத் கலவை எனப்படும் சத்துமாவைத் தயாரிப்பது எளிது. வறுத்த கோதுமை 40 கிராம், பொட்டுக்கடலை 16 கிராம், வறுத்த நிலக்கடலை 10 கிராம் ஆகியவற்றைப் பொடித்து, வெல்லம் 20 கிராம் சேர்க்க வேண்டும். இந்த 86 கிராம் மாவு சுமார் 330 கலோரியும் 11 கிராம் புரதமும் தரும். பூஞ்சை பிடித்த நிலக்கடலையில் நச்சுப் பொருள் இருக்கக் கூடுமாதலால் அதனை அறவே நீக்குதல் அவசியம்.

உணவு சீரடைந்த பின்னரும் பழைய தண்டு நிறம் மாறாது. அது உயிரற்றதாகலின் மாற இயலாது. இரண்டு மூன்று மாதங்களில் அடியில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கரிய மயிர் எழும். அங்கன்வாடி ஊழியர் இதனைத் தாய்க்குக் காட்டினால், தாம் ஊட்டிய உணவின் பயனை அவர் கண்கூடாகக் காண்பார். ஆசிரியர்கள் வகுப்பில் மயிரின் வளர்ச்சியைக் கற்பிக்கையில் இவ்வளவை எடுத்துக்கூறலாம். ஆனால் எந்தக் குழந்தையையும் பிறர் முன்னிலையில் நிறுத்தி அதன் மயிரைச் சுட்டிப் பேசலாகாது. பெற்றோரைத் தனியே அழைத்து, முந்தைய நாள் குழந்தை உண்டது யாது, எத்தனை முறை என்று அன்புடன் வினவுவதே ஏற்ற வழியாகும்.