பெட்ரோலா, குளோவா, பேட்டரியா? புதிதாக மாடல் விமானம் விட வருகிறவர்களுக்கு

மைதானத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "ஐயா, எந்த எஞ்சின் வாங்கட்டும்?" என்பதுதான். வீடியோவில் கேட்ட எஞ்சின் சத்தம் காதிலேயே நின்றிருக்கும். அதில் தப்பொன்றும் இல்லை, எங்களையெல்லாம் இந்தப் பக்கம் இழுத்து வந்ததும் அந்தச் சத்தம்தான். ஆனால் சத்தத்துக்காக வாங்கிய எஞ்சின்கள் பரணில் தூசி படிந்து கிடப்பதை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு காலைப் பொழுதில் உங்கள் விரல் டிரான்ஸ்மிட்டர் ஸ்டிக்கின் மேல் இருக்கும் நிமிடங்களை எது கூட்டித் தருகிறதோ, அதுதான் உங்களுக்கு ஏற்றது.

1. முதலில் இடம், பிறகு விமானம், அதற்குப் பிறகுதான் எஞ்சின். எங்கே விடப் போகிறீர்கள்? கல்லூரி மைதானத்திலா, கோடையில் காய்ந்த ஏரியிலா, ஊருக்கு வெளியே தரிசிலா? சுற்றி வீடுகள் இருந்தால் பெட்ரோல், குளோ (மெத்தனாலில் ஓடும் எஞ்சின்) இரண்டையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் எஞ்சின் அலறினால் அடுத்த வாரம் அந்த மைதானம் உங்களுக்கு இருக்காது. கூட விடுகிறவர்களுக்கும் இருக்காது. இடம் முடிவானால் விமானத்தின் அளவு முடிவாகும், அது முடிவானால் எஞ்சின் தானாக முடிவாகிவிடும். ஒரு மீட்டரை ஒட்டிய இறக்கைக்கு மின்சாரம். ஒன்றரை மீட்டர் பால்சா விமானத்துக்கு மின்சாரம் அல்லது குளோ. இரண்டு மீட்டரை நெருங்கும்போதுதான் பெட்ரோல் பேச்சை எடுக்க வேண்டும்.

எடையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. மாடல் விமானத்துக்கும் பொருந்தும் 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறிய ரகம். வணிகத்துக்காக இல்லாமல் மைக்ரோ விடுகிறவருக்கு விமானி சான்றிதழ் தேவையில்லை. பெட்ரோல் விமானம் அந்த 2 கிலோவைச் சுலபமாகத் தாண்டிவிடும். எந்த ரகமானாலும், உங்கள் இடம் அனுமதியில்லாமல் பறக்கக் கூடாத சிவப்பு, மஞ்சள் பகுதிகளுக்குள் வருகிறதா என்று வான்வெளி வரைபடத்தில் பார்க்காமல் வீட்டைவிட்டுக் கிளம்பாதீர்கள்.

2. முதல் விமானம் மின்சாரமாக இருக்கட்டும். இறக்கை மேலே வைத்த ஃபோம் ட்ரெய்னர், மூன்று செல் லைப்போ பேட்டரி, அவ்வளவு போதும். விமானம் உங்களைவிட்டு விலகிப் போகும்போது ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் அது வலப்பக்கமே சாயும். உங்களை நோக்கித் திரும்பி வரும்போது அதே அசைவு உங்கள் கண்ணுக்கு இடப்பக்கமாகத் தெரியும். இந்தக் குழப்பம் புத்தியால் தீராது. கை பழகித்தான் தீரும். கை பழக வேண்டுமானால் ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கிப் பறக்க வேண்டும். எஞ்சின் ஏன் கிளம்பவில்லை என்று மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும் காலைப் பொழுதில் கை பழகாது. பேட்டரியைச் செருகினால் மோட்டார் சுற்றும். விழுந்தால் ஃபோமைப் பசை போட்டு ஒட்டி மறுநாளே விடலாம்.

3. மின்சாரம் பொம்மைக்குத்தான் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். வயதை வைத்துப் பார்த்தால் மூத்தது பெட்ரோல். அமெரிக்காவில் குட் சகோதரர்கள் 1937-இல் ரேடியோவால் பறக்கவிட்ட 'கஃப்' விமானத்தில் இருந்தது தீப்பொறி எஞ்சின்தான். ரே ஆர்டனின் குளோ பிளக் 1947-இல் கடைக்கு வந்தது. 1957 ஜூன் 30 அன்று இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் தன் 'ரேடியோ குயின்' விமானத்தை மின்மோட்டாரில் பறக்கவிட்டார். அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் மின்சாரம் பின்தங்கியே இருந்ததற்குக் காரணம் மோட்டார் அல்ல, பேட்டரியின் எடை. லித்தியம் வந்ததும் அந்தத் தடை போயிற்று. இன்று எஃப்3ஏ என்னும் உலக அளவிலான சாகசப் போட்டிகளில் பறப்பவற்றில் பெரும்பாலானவை மின்சார விமானங்கள்.

4. கடைக்காரர் சொல்லும் மோட்டாரை அப்படியே வாங்காமல் ஒரு காகிதத்தில் வாட் கணக்குப் போடுங்கள். ட்ரெய்னருக்குக் கிலோவுக்கு 200 முதல் 220 வாட். செங்குத்தாக நின்று ஆடும் சாகச விமானத்துக்கு 330-ஐத் தாண்டும். உங்கள் விமானம் பேட்டரியோடு சேர்த்து ஒன்றரைக் கிலோ என்று வைத்துக்கொள்வோம். 220 வீதம் 330 வாட் வேண்டும். மூன்று செல் பேட்டரி 11.1 வோல்ட், 330-ஐ 11.1-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 30 ஆம்பியர். அப்படியானால் ஸ்பீடு கன்ட்ரோலர் 40 ஆம்பியராக இருக்கட்டும், 30-இல் நிற்க வேண்டாம். 2200 எம்ஏஎச் பேட்டரியை முழு த்ராட்டிலில் இழுத்தால் நாலரை நிமிடத்தில் காலியாகும். ட்ரெய்னரைப் பாதி த்ராட்டிலில் விடும்போது ஏழெட்டு நிமிடம் வரும். டிரான்ஸ்மிட்டரின் டைமரை ஐந்து நிமிடத்துக்கு வைத்துத் தொடங்குங்கள். இறங்கியதும் மீதம் எவ்வளவு என்று பார்த்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.

மோட்டாரின் மேல் எழுதியிருக்கும் கேவி எண் சக்தியைச் சொல்வதில்லை. பாரம் இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்பதுதான் அது. கேவி கூடினால் சின்ன ப்ரொபெல்லர், குறைந்தால் பெரிய ப்ரொபெல்லர். கேவி கூடுதலான மோட்டாரில் பெரிய ப்ரொபெல்லரை மாட்டிப் புகைய விடுகிறவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் வருகிறார்கள்.

5. லைப்போவை மதியுங்கள். முழுக்க ஏற்றினால் செல்லுக்கு 4.2 வோல்ட், பறந்து இறங்கும்போது 3.7-க்குக் குறையாமல், பீரோவில் வைக்கும்போது 3.8. இந்த மூன்று எண்களையும் சார்ஜர் மேலேயே எழுதி ஒட்டிவையுங்கள். மழை வந்து பறக்க முடியாமல் போன நாளில் முழுக்க ஏற்றிய பேட்டரியை அப்படியே ஒரு மாதம் போட்டுவைப்பதுதான் அதைப் பாழாக்கும் வழி. பேலன்ஸ் சார்ஜரில் மட்டும் ஏற்றுங்கள். சிமென்ட் தரையில், துணி, மெத்தை எதுவும் பக்கத்தில் இல்லாமல், நீங்கள் கூடவே இருந்து ஏற்றுங்கள். இரவில் செருகிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் பேட்டரியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போவதும் ஆபத்துதான். உப்பிய பேட்டரியை 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்று மாட்டவே கூடாது.

6. குளோ எஞ்சின் அழகான பொருள். பிளக்குக்குள் ஒரு பிளாட்டினம் கலந்த கம்பிச் சுருள். கிளப்பும்போது ஒன்றரை வோல்ட் கொடுத்து அதைச் சிவக்க வைக்கிறோம். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் வயரைக் கழற்றிவிடலாம். அழுத்தத்தின் சூடும், மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின் மேல் படும்போது உண்டாகும் வேதிவினையும் சேர்ந்து அதைச் சிவப்பாகவே வைத்திருக்கும். பேட்டரியும் காயிலும் இல்லாமல் உள்ளங்கைக்குள் அடங்கும் 7.5 சிசி எஞ்சின் இரண்டரைக் கிலோ விமானத்தைத் தூக்குவது இதனால்தான்.

ஆனால் நீடிலை, அதாவது எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் திருகை, அமைக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் குளோவில் இறங்காதீர்கள். நீடிலை இரண்டு, இரண்டரைச் சுற்று திறந்து கிளப்ப வேண்டும். சூடேறியதும் முழு த்ராட்டில். இப்போது எரிபொருள் குழாயை இரண்டு விரலால் ஒரு நொடி கிள்ளி விடுங்கள். சத்தம் சற்றே ஏறிப் பிறகு இறங்கினால் கலவை கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது, அதுதான் வேண்டும். கிள்ளியவுடனே சத்தம் தொய்ந்தால் எஞ்சின் ஏற்கெனவே பட்டினியில் ஓடுகிறது, நீடிலைத் திறங்கள். அடுத்து, ஒருவர் விமானத்தைக் கெட்டியாகப் பிடித்து மூக்கை வானத்துக்குத் தூக்கி நிறுத்தட்டும். பத்து நொடி சத்தம் மாறாமல் நின்றால்தான் பறக்கத் தயார். எஞ்சின் முன்னால் நின்று நீடிலைத் தொடாதீர்கள், எப்போதும் பின்னாலிருந்துதான். பறக்கும்போது சைலன்சரிலிருந்து மெல்லிய வெண்புகைக் கோடு தெரிய வேண்டும். அது காணாமல் போனால் உடனே இறக்குங்கள். இதையெல்லாம் எழுத்தில் சொல்லலாம், காது பழகுவதற்கு ஆள் வேண்டும்.

7. குளோ எரிபொருள் விஷம். அதில் பெரும்பங்கு மெத்தனால், ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு எண்ணெய், விருப்பப்பட்டால் கொஞ்சம் நைட்ரோமீத்தேன். நைட்ரோ நம் ஊரில் எளிதில் கிடைக்காது. அது இல்லாமலே 80 பங்கு மெத்தனால், 20 பங்கு சுத்தமான விளக்கெண்ணெய் கலந்து நல்ல எஞ்சினை ஓட்டலாம். மெத்தனால்தான் கவலை. பத்து மில்லி உள்ளே போனாலே கண் பார்வை போகலாம், முப்பது மில்லியில் உயிரே போகலாம். தோல் வழியாகவும் ஏறும். பகல் வெயிலில் அதன் தீ கண்ணுக்குத் தெரியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது சாராயத்தில் கலந்திருந்த இதே மெத்தனால்தான். அதை வாங்கவும் வைத்திருக்கவும் தமிழ்நாட்டில் உரிம விதிகள் நெடுங்காலமாக இருக்கின்றன. அவற்றைச் சுற்றிப் போகும் வழியை யாராவது காட்டினால் அந்தப் பக்கமே போகாதீர்கள். தண்ணீர் பாட்டிலில் ஒருநாளும் ஊற்றிவைக்காதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பூட்டிய பெட்டிக்கு வெளியே அது இருக்கவே கூடாது. உண்மையைச் சொன்னால், எனக்குக் குளோ மேல் இருக்கும் ஆசை குறையவில்லை. ஆனாலும் இன்று தொடங்கும் ஒருவரை அதன் பக்கம் நானாகக் கூப்பிட மாட்டேன். இந்த ஒரு பத்திதான் காரணம்.

8. பெட்ரோல் பெரிய விமானத்துக்கு, பொறுமை உள்ளவருக்கு. 20 சிசியிலிருந்து யோசியுங்கள். டூ ஸ்ட்ரோக் ஆயில் கலக்க வேண்டும். தயாரிப்பாளர் 40-க்கு ஒன்று என்று சொன்னால் லிட்டருக்கு 25 மில்லி. தீப்பொறி கொடுக்கும் இக்னிஷன் யூனிட்டையும் ரேடியோ ரிசீவரையும் ஓரடியாவது தள்ளி வையுங்கள், இக்னிஷனை வெளியிலிருந்து அணைக்க ஒரு ஸ்விட்ச் வையுங்கள். குளோவுக்குப் போடும் சிலிக்கான் குழாய் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும், பெட்ரோலுக்கென்று விற்கும் குழாயையே போடுங்கள். அதிர்வு அதிகம், ஒவ்வொரு திருகிலும் அது இளகாமல் பிடிக்கும் லாக்டைட் ஒரு சொட்டு.

நம் பங்க்கில் இப்போது வருவது 20 சதவீத எத்தனால் கலந்த இ20. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டரின் ரப்பர் டயாஃப்ரத்தை விறைக்க வைக்கும். அதனால் பறந்து முடித்ததும் டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் மிச்சம் இருப்பது தீரும்வரை எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துங்கள். இ20-இல் நீடிலும் சற்றுக் கூடுதலாகத் திறக்க வேண்டியிருக்கும்.

பெட்ரோலின் பலம் எங்கே என்று தெரிய வேண்டுமானால் அமெரிக்க மாடல் விமானக்காரர் மேனார்ட் ஹில் குழுவின் டாம்-5 விமானத்தைப் பாருங்கள். ஐந்து கிலோவுக்கு உட்பட்ட அந்தப் பால்சா விமானம் 2003 ஆகஸ்ட்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து கிளம்பி, 38 மணி 52 நிமிடம் பறந்து, அட்லாண்டிக்கைத் தாண்டி அயர்லாந்தில் இறங்கியது. எஞ்சின் வெறும் 10 சிசி ஃபோர் ஸ்ட்ரோக். குளோவாக விற்கப்பட்டதைத் தீப்பொறிக்கு மாற்றி, பெட்ரோலுக்கு நெருங்கிய விளக்கு எரிபொருளில் ஓட்டினார்கள். மெத்தனாலில் எடைக்கு எடை பாதி ஆற்றல்கூட இல்லை. அத்தனை எரிபொருளை ஐந்து கிலோவுக்குள் தூக்க முடியாது. லைப்போவைப் பற்றிப் பேச்சே இல்லை. நீங்கள் கடல் தாண்டப் போவதில்லைதான். ஆனால் பெரிய விமானத்தில் ஒரு டேங்கில் இருபது நிமிடம் பறந்து, உடனே நிரப்பி, மறுபடி கிளம்புவதன் சுகம் பெட்ரோலில் மட்டும்தான் கிடைக்கும்.

9. விலையை முதல் நாளில் பார்க்காமல் ஒரு வருடத்துக்குப் பாருங்கள். மின்சாரத்தில் மோட்டார் மலிவு, பேட்டரிகள் தேயும். பெட்ரோலில் எஞ்சின் விலை கூடுதல், பறக்கும் செலவு குறைவு. குளோவில் ஒவ்வொரு லிட்டரும் கையைக் கடிக்கும்.

10. மூன்றிலும் ப்ரொபெல்லர் ஒன்றுதான், அது வெட்டினால் வெட்டியதுதான். குளோ எஞ்சின் விரலில் பட்டால் சில சமயம் நின்றுபோகும். மின்மோட்டார் நிற்காது; தடை வந்தால் இன்னும் கூடுதலாகக் கரண்ட் இழுத்துச் சுற்றப் பார்க்கும். சத்தமில்லாத அதைத்தான் அதிகம் அஞ்ச வேண்டும். பேட்டரி செருகிவிட்டால் மோட்டார் எந்த நொடியும் சுற்றும் என்றே எண்ணி நடங்கள். வீட்டு மேஜையில் செட்டிங் பார்க்கும்போது ப்ரொபெல்லரைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

11. மாமாவோ தாத்தாவோ விட்டுப்போன எஞ்சின் பரணில் கிடைத்தால் உடனே சுற்றிப் பார்க்காதீர்கள். விளக்கெண்ணெய் உறைந்து இறுகியிருக்கும். சூடுகாட்டி, மெல்லிய எண்ணெய் விட்டு, தானாக இளகும்வரை காத்திருங்கள். தலையில் பிளக் இல்லாமல் ஒரு திருகுக் கைப்பிடி மட்டும் இருந்தால் அது டீசல் ரகம். கொல்கத்தாவின் அரோரா எஞ்சின்களில் பல அந்த ரகம்தான். அதற்கு ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் வேண்டும், குளோ எரிபொருளில் ஓடாது. குளோ எஞ்சின் என்றால், ஒவ்வொரு நாளும் பறந்து முடித்ததும் உள்ளே இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுச் சுற்றி வையுங்கள். மெத்தனால் ஈரத்தை இழுத்துப் பேரிங்கில் துரு ஏற்றிவிடும்.

12. கையில் இருக்கும் பணத்தில் பெரிய பங்கை ரேடியோவில் போடுங்கள். ஆறு சேனலாவது உள்ள 2.4 கிகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர் ஒன்று இருந்தால், இன்றைய ஃபோம் ட்ரெய்னரிலிருந்து நாளைய பெட்ரோல் விமானம்வரை அது கூடவே வரும். வாங்கியதும் முதல் வேலையாக ஃபெயில்சேஃபை அமைத்துவிடுங்கள். சிக்னல் அறுந்தால் மோட்டார் நிற்க வேண்டும். எஞ்சின் என்றால் த்ராட்டில் மூட வேண்டும். அமைத்தேன் என்று நம்பிவிட வேண்டாம். ப்ரொபெல்லரைக் கழற்றிவிட்டு, த்ராட்டிலைப் பாதியில் வைத்து, டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பாருங்கள். எஞ்சின் விமானமானால் எஞ்சினைக் கிளப்பாமலே கார்புரேட்டரின் கை மூடுகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு புது விமானத்தையும் முதன்முதலாக ஓடுபாதைக்குக் கொண்டுபோகும் முன் இதைச் செய்யுங்கள்.